சவரிமுத்துவின் எடை

போன மாதம் ஈப்போ குத்துச்சண்டைச் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம். "ஐயா, அந்தக் காலத்துல நீங்க எத்தனை பேரைச் சாய்ச்சீங்க, அதை எழுதிக் குடுங்க போதும்லா" என்றார்கள். பேச்சு எடையைப் பற்றிப் போனது. இப்போது அவர்களுடைய ஆட்களுக்கு எடையைக் குறைப்பதுதான் பெரும்பாடாம். ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்கு எடையை ஏற்றுவதுதான் பாடு என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். "சாப்பிட்டா ஏறிட்டுப் போகுது, அதுல என்னய்யா கஷ்டம்?"

அவர்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். மலரில் போட இஷ்டமில்லை என்றால் விட்டுவிடட்டும். பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போட வேண்டாம்.

நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை. பிறகு ரப்பர் பால் வாளி தூக்கினேன், ஈப்போவில் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை இறக்கினேன். ஆள் பெரியவனாக இருந்ததால் கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டை நடத்திய சீனர் ஒருவர் இழுத்துக்கொண்டார். எட்டு வருஷம் கனரகப் பிரிவில், ஹெவிவெயிட் என்பார்களே, அதில் சண்டை போட்டேன். ஜெயித்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. இடது கண்ணில் வாங்கிய ஒரு குத்து பார்வையைப் புகையாக்கிவிட்டது. ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டுப் பயிற்சியாளனானேன். என் சண்டைக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். நான் பயந்த ஆள். அடிக்குப் பயமில்லை. அடி விழுவதற்கு முன்னால் இருக்கிற நேரத்துக்குப் பயம். கையுறைக்கு உள்ளே கட்டிய கைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டுவேன், அதையும் அவிழ்ப்பேன். நாளைக்கு என்ன வருமோ என்றே இன்றைக்கு வந்ததைத் தொலைத்தவன்.

என்னை மேடையில் இரண்டு தடவை படுக்கப்போட்டவன் சவரிமுத்து. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்து ஆள், என் வயதுதான். ஜப்பான்காரன் வந்த பிறகு அவனுடைய பழைய பயிற்சியாளர் ஊரைவிட்டே போய்விட்டார். சவரிமுத்து என்னிடம் வந்து நின்றான்.

"மச்சான், உன்னை அடிச்ச கைக்கு நீயே எண்ணெய் தேய்க்கணும்னு விதி பாரு."

"தேய்க்கிறேன்டா. வலிக்கிற மாதிரி தேய்ப்பேன்."

"தேய். உன் குத்தே வலிக்கலை, உன் தேய்ப்பா வலிக்கப் போகுது?"

அவன் பேச்சு அப்படித்தான். அவன் மனைவி மரியாயி என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். பூங்காவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர்கள் ஓர் அறையிலும் நான் அடுத்த அறையிலும் இருந்தோம்.

அப்போது தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு லாரி வரும். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்பார்கள். மரியாயியின் அண்ணன் அப்படிப் போனவன்தான். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பிறகு நல்ல சாப்பாடு என்று சொல்வதையும் விட்டுவிட்டார்கள், சும்மாவே ஏற்றினார்கள்.

ஈப்போவில் இருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவருக்குக் குத்துச்சண்டைப் பித்து. பெரிய உடம்புக்காரர்கள் மோதுவதைத்தான் பார்ப்பார். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலச் சண்டைகளை அவர் நிறுத்தவிடவில்லை. கனரகப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவனுக்கும் சிவப்பு முத்திரை போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அது இருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான், வாரத்துக்குக் கொஞ்சம் வெள்ளை அரிசியும் கிடைக்கும். சண்டைக்காரனுடைய பயிற்சியாளனுக்கும் ஒரு சீட்டு. ஆனால் பயிற்சியாளன் சீட்டு தனியாக நிற்காது. சண்டைக்காரன் பட்டியலைவிட்டுப் போனால் இவன் சீட்டும் போகும்.

பட்டியலில் இருக்க ஒரே விதிதான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை எடை போடுவார்கள். நூற்றி எழுபத்தைந்து ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, கீழே போனால் பெயர் அடிக்கப்படும். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கரைந்துகொண்டிருந்த காலத்தில் இந்த விதி.

எடை போடுகிறவர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். சண்டைக்கூடத்தின் நிர்வாகம், மணி அடிப்பது, எடை எல்லாம் அவர் பொறுப்பு. துணிக்குப் போடக் கஞ்சி இல்லாத நாளில் மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டு வெள்ளைச் சட்டையை விறைப்பாக வைத்திருப்பார். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை.

அவர் எடை போடும் விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஈயக்கடையிலிருந்து கொண்டு வந்த மேடைத் தராசு அது. முதலில் கைக்குட்டையால் பலகையைத் துடைப்பார். வெறும் தராசை ஒரு தடவை பார்ப்பார். எடை தெரிந்த ஓர் இரும்புக்கட்டியை வைத்து, தராசு சரியா என்று பார்ப்பார். அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவார். கோவணத்தோடு நடுவில் நிற்க வேண்டும், குனியக் கூடாது. பித்தளைக் கம்பியில் குண்டை இரண்டு விரலால் தள்ளுவார், தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கம்பி ஆடி அடங்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார் போலிருக்கும். பிறகு ரயில் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி எடையை இரண்டு முறை சொல்வார். ஏட்டில் எழுதுவார். ஏட்டைப் பயிற்சியாளன் பக்கம் திருப்பி, "கண்ட எடை இது. ஒப்புக்கொள்ளுறீரோ? அப்ப ஒப்பம் வையும்" என்பார். ஒவ்வோர் எடைக்குப் பக்கத்திலும் என் கையெழுத்து இருந்தது.

கோவிந்தன் என்று ஒருவன் இரண்டு ராத்தல் குறைந்தான். அழுதான். காலில் விழப் போனான். ஐயா அவன் தோளைப் பிடித்துத் தூக்கி, "என்னை மன்னிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து அவன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அடிக்கோல் வைத்துப் போட்டார். நாலாம் நாள் கோவிந்தன் லாரியில் இருந்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கிடையாது. சவரிமுத்து யுத்தத்துக்கு முன் காலத்தில் இருநூறு ராத்தல் இருந்தவன். அப்போது நூற்றி எழுபத்தெட்டு. நான் என் முறைகளைச் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்புக் கருவாட்டோடு வேகவைத்த மரவள்ளி, வயிறு முட்ட. சனிக்கிழமை எழுந்ததும் ஒன்றுக்குப் போகக் கூடாது. உப்புப் போட்ட தண்ணீர் நாலு போத்தல், நடந்துகொண்டே குடிக்க வேண்டும். தராசில் ஏறி இறங்கும்வரை அடக்க வேண்டும்.

"மச்சான், ஐயா இன்னும் ஒரு நிமிஷம் அந்தக் கம்பியைப் பார்த்துட்டு நின்னாருன்னா தராசு நனைஞ்சிடும்" என்பான் சவரிமுத்து. இறங்கியதும் வேலி ஓரம் ஓடுவான். நாலு ராத்தல் அங்கேயே போகும்.

கையுறைக்குள் பஞ்சு போய்விட்டது. காட்டு இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தேன். பல்லுக்கு வைக்கும் ரப்பரை, என் தோட்டத்து ஷீட்டு ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, அவன் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லிச் செய்தேன். புகை நாற்றம் அடிக்கும். "தோட்டத்தைவிட்டு ஓடி வந்தா தோட்டமே வாய்க்குள்ள வருதுடா" என்று துப்புவான். இதெல்லாம் சரியாகச் செய்தேன். சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை நூற்றி எழுபத்தாறு. அடுத்த தடவை அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த தடவை நூற்றி எண்பத்தொன்று. எனக்கு நம்ப முடியவில்லை. சந்தோஷத்தோடு கையெழுத்துப் போட்டேன். அரிசி வேலை செய்கிறது என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்த வெள்ளை அரிசியையும் அவனுக்கே கொடுத்தேன். கருவாட்டைக் கூட்டினேன். அதற்கடுத்த தடவை நூற்றி எண்பத்தாறு.

பட்டினி ஊரில் ஒருவன் உடம்பு ஏறுகிறது என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. பயிற்சியாளனுக்குத் தராசு சொன்னால் போதும்.

சவரிமுத்து ஓட்டத்தில் பின்தங்கினான். "காலு ரெண்டும் தகரம் மாதிரி இருக்கு மச்சான். தரையை மிதிக்கிறேனா இல்லையான்னே தெரியலை" என்றான். சண்டைச் சப்பாத்தில் கால் நுழையவில்லை, சப்பாத்தின் நாக்குத் தோலை வெட்டி அகலப்படுத்தினேன். மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்தான்.

ஒரு நாள் மரியாயி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு குவளை.

"அண்ணே, அவரு கால்ல கைய வச்சு அழுத்திப் பாருங்க. குழி விழுது. எடுத்தாலும் குழி அப்படியே நிக்குது."

"தசை ஏறுது மரியாயி. தண்ணி ஊத்தின மண்ணு மாதிரி இருக்கும், போகப்போக இறுகிடும்."

"இல்லண்ணே. பாரிட் புந்தார்லேர்ந்து நெல்லு கொண்டு வர்ற சீனத்தி சொன்னா. இது கால் வீக்கமாம். நிறையப் பேரு செத்துட்டாங்களாம். தவிட்டுக் கஞ்சி குடிச்சா வத்துமாம். வாங்கிட்டு வந்து காய்ச்சியிருக்கேன். நீங்க சொன்னாத்தான் குடிப்பேங்கிறாரு."

வத்தும் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. வற்றினால் எடை? என்னைப் பழக்கிய சீனர் தவிட்டைக் கனரகக்காரன் கிட்டவே சேர்க்கமாட்டார். தவிடு வயிற்றைக் கழுவிவிடும், ஒரே நாளில் மூன்று ராத்தல் இறக்கும் என்று எடை குறைக்கிறவனுக்குத்தான் கொடுப்பார். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "தவிடு பன்னிக்குப் போடுறது. சனிக்கிழமை தராசு இருக்கு. குடுக்காதே."

அவள் குவளையை முந்தானையால் மூடினாள். "நீங்க சொன்னா சரிண்ணே" என்று போனாள்.

அன்றைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நானும் அழுத்திப் பார்த்தேன். கட்டை விரல் முதல் கணு வரை இறங்கியது. குழி நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குழி தெரியாதபடி தேய்த்துவிட்டேன். சவரிமுத்து குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ பகடி பேசிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை. ஐயா பலகையைத் துடைத்தார், இரும்புக்கட்டி வைத்தார், எடுத்தார். சவரிமுத்து ஏறினான். கம்பி அடங்கியது. "நூற்றி எண்பத்தொன்பது. நூற்றி எண்பத்தொன்பது." எழுதினார். ஏட்டை என் பக்கம் திருப்பவில்லை. சவரிமுத்துவை உடுத்தச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் நின்ற பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாணிக்கம், உது இறைச்சி இல்லை. தண்ணி. உமக்குத் தெரியுமோ?"

நான் ஏட்டை எட்டிப் பார்த்தேன்.

"ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம். நான் கடிதம் தாறன். நாளையச் சண்டையில ஆளை விடாதையும். இருதயத்தில போய் நிண்டால் ஒண்டும் செய்ய ஏலாது."

"பேரை அடிச்சிடுவீங்களே ஐயா. சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிருவானே."

ஐயா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நடக்க ஏலாதவனை அவங்கள் ரயில் வேலைக்கு எடுக்க மாட்டாங்கள். அவன் ஊருக்குப் போய்ப் படுத்து எழும்புவான். அவனை இல்லை. உம்மைத்தான் எடுப்பாங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. ஏட்டைத் திருப்பிப் பேனாவை அதன் மேல் வைத்தார். "நான் எடையைத்தான் எழுதலாம். ஆளை நிப்பாட்ட வேண்டியவர் நீர். நிப்பாட்டுறதெண்டால் ஒப்பம் வைக்காதையும்."

வெளியே சவரிமுத்து யாரிடமோ, "நூத்தி எண்பத்தொன்பதுலா! என் மச்சான் கைப்பக்குவம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை மட்டும், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம், அதற்குள் எனக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு அந்த லாரிதான் கண்ணில் நின்றது. ஐயா மை உலரட்டும் என்று காத்திருந்து ஏட்டை மூடினார்.

ஞாயிறு நாலரை மணிக்குச் சண்டை. எதிராளி ஈயச் சுரங்கத்துச் சீனன், நல்ல மனுஷன், அவனும் பாதியாகத்தான் இருந்தான். முதல் ரவுண்டு சவரிமுத்து நின்ற இடத்தில் நின்றே போட்டான். மூலைக்கு வந்து உட்கார்ந்தபோது மூச்சு மேலேயே நின்றது, உதடு நீலம். பல்லு ரப்பரைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியவில்லை.

"மச்சான், நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கான்."

"இன்னும் ரெண்டு ரவுண்டுதான். கட்டிப் பிடிச்சே ஓட்டிரு."

"சரி" என்றான். பிறகு, "உனக்காக வேணா நிக்கிறேன், போ" என்றான். எப்போதும் போலப் பகடியாகத்தான் சொன்னான். என் சீட்டு அவன் காலில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்துதான் சொன்னானா என்பதை யோசித்து யோசித்து முடிந்தபாடில்லை.

இரண்டாம் ரவுண்டில் துண்டு என் தோளில் கிடந்தது. மேடையில் எறிந்தால் சண்டை நிற்கும். எறிந்தால் அதிகாரி பெயரை அடிக்கச் சொல்வார். கையை வைத்தேன், எடுத்தேன். வைத்தேன். சவரிமுத்து கையைத் தூக்கினான், எதிராளி இன்னும் கிட்டவே வரவில்லை, முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்து சாய்ந்தான். அடியே விழாமல் விழுந்தவனைப் பார்த்து ஜனம் கூவியது. "நடிக்கிறான்டா! எழுந்திருடா தடியா!" முதலில் மண்டியிட்டது அந்தச் சீனன்தான். கையுறையோடு அவன் தலையைத் தூக்கினான். நான் போகும்போது கண் திறந்திருந்தது. ஆள் இல்லை.

ஐயா மணியை அடித்தார். ரவுண்டு முடிய நேரம் இருந்தது, இருந்தும் அடித்தார்.

திங்கட்கிழமை என் சீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த வாரமே பிடித்து ரயில் நிலையத்து முற்றத்தில் வரிசையில் நிறுத்தினார்கள். கையில் மூட்டையோடு நின்றேன். ஜப்பானிய டாக்டர் வந்தான். என் இடது கண் இமையைக் குச்சியால் தூக்கிப் பார்த்தான், குச்சியாலேயே ஒதுக்கித் தள்ளினான். போ என்று கை காட்டினான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எதற்குப் பயந்து சவரிமுத்துவை மேடையில் ஏற்றினேனோ அது எனக்கு வரவே போவதில்லை. இதை முன்னாலேயே தெரிந்துகொள்ள ஒருவரையாவது கேட்டிருக்கலாம். கேட்கக்கூடப் பயந்தேன்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு மறுபடி பயிற்சியாளன் ஆனேன். இருபத்தெட்டு வருஷம். பெயர் வாங்கிய ஆட்களும் உண்டு. சவரிமுத்துவுக்கு வந்தது வெள்ளை அரிசி மட்டும் தின்றால் வருகிற பெரிபெரி, தவிடுதான் அதற்கு மருந்து என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் வந்த ஒவ்வொருவனையும் தராசில் ஏற்றும் முன் முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பேன். எதற்கு என்று கேட்பார்கள், பழக்கம் என்பேன். துண்டைச் சீக்கிரம் எறிகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. பயந்தாங்கொள்ளி மாணிக்கம் என்றும் சொன்னார்கள். அது சரியான பெயர்தான், காரணம்தான் அவர்களுக்குத் தெரியாது.

சவரிமுத்து செத்த பிறகு மரியாயியைப் பார்க்கப் போக மூன்று வருஷம் ஆனது. போக வேண்டும் என்று கிளம்புவேன், பஸ்ஸடி வரை போய்த் திரும்புவேன். கடைசியில் போனேன். பாகான் டத்தோ தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். தவிட்டுக் கஞ்சி, கால் குழி, ஐயா சொன்னது, கையெழுத்து, துண்டு, எல்லாம். சொல்லும்போது அவள் கை நிற்கவில்லை. ஒரு தேங்காயை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

நான் முடித்ததும் சொன்னாள்.

"தெரியும். அடக்கத்துக்கு வந்தப்பவே ஐயா சொல்லிட்டாரு. உங்க வாயால சொல்லுவீங்கன்னு இத்தனை நாளு பாத்தேன். அதுக்காகத்தான் யார்கிட்டயும் சொல்லலை."

"மரியாயி..."

"உங்களுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும். அது எனக்குப் புரியும். என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அவரை அன்னைக்கே ஊருக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் இன்னும் நின்றேன். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் உரித்த மட்டையைத் தள்ளிப் போட்டாள்.

"சொல்லியாச்சுல்ல" என்றாள். "போங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. நானும் வரேன் என்று சொல்லவில்லை.